தொழில் மனம் எங்கிருந்து வரும்? பெங்களூர்த் தமிழருக்கு ஒரு வழிகாட்டல்

2025 ஜூலையில் பெங்களூரின் பல சிறு கடைகளில் க்யூ.ஆர். அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதித் தொங்கவிட்டார்கள். யூ.பி.ஐ. வழியாக வந்த தொகையைக் கூட்டிப் பார்த்து, ஜி.எஸ்.டி. பதிவு எடுக்காத வியாபாரிகளுக்கு மாநில வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியிருந்ததுதான் காரணம். சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். சேவைத் தொழிலுக்கு அந்த வரம்பு 20 லட்சம். பால், காய்கறி போன்ற வரிவிலக்குப் பொருள்களை மட்டுமே விற்பவருக்குப் பதிவே தேவையில்லை. ஒன்றரைக் கோடி வரை விற்கும் சிறு வணிகர் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தால் விற்றுமுதலில் 1 சதவீதம் கட்டினால் போதும். இவை நேற்று வந்த விதிகள் அல்ல. ஆனால் விடியுமுன் கடை திறந்து இரவு பத்து மணிவரை கல்லாவில் நிற்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இதைச் சொல்ல ஆள் இல்லை.

அந்தக் கடைக்காரர்களிடம் உழைப்புக்கோ துணிச்சலுக்கோ பஞ்சமில்லை. அவர்களுக்கு எந்த ஊக்கப் பேச்சும் தேவைப்பட்டிருக்காது. கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "தம்பி, இந்த வருஷம் நாப்பது லட்சத்தைத் தாண்டிருவ, இப்பவே ஆடிட்டரைப் பாரு" என்று சொல்ல ஓர் அண்ணாச்சி இருந்திருந்தால் போதும்.

தொழில்முனைவு பற்றி நாம் பேசுவதில் பெரும்பங்கு ஊக்கத்தைப் பற்றியே இருக்கிறது. யார் எவ்வளவு சிறிய இடத்தில் தொடங்கினார், எத்தனை கோடிக்கு வளர்ந்தார் என்ற கதைகள் நிறையவே கிடைக்கின்றன. வழிகாட்டல் அப்படிக் கிடைப்பதில்லை. தொழில் செய்யும் மனம், தூரத்தில் இருக்கும் நாயகர்களைப் பார்த்து வருவதைவிட, பக்கத்தில் தொழில் செய்பவரோடு பழகித்தான் அதிகம் வருகிறது என்பது என் உறுதியான எண்ணம். வீட்டில் அப்படி ஒருவர் இல்லாதவர்கள் அந்த நெருக்கத்தைத் தாங்களே தேடி அமைத்துக்கொள்ள வேண்டும். பெங்களூரில் அதற்கு வழிகள் இருக்கின்றன. பலருக்கு அவை தெரியாமலே இருக்கின்றன.

பெட்டியடியில் கற்றது

நம் சமூகத்தில் தொழிலைப் பேச்சால் யாரும் கற்றுத்தரவில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார், வேலைக்கு வரும் சிறுவனை முதலில் பெட்டியடிப் பையனாக உட்காரவைத்தார்கள். பணப்பெட்டி அருகில் இருந்தபடியே அவன் வட்டி கணக்கிடவும், பேரேடு எழுதவும், யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று ஆளைப் பார்த்து எடைபோடவும் கற்றான். பிறகு அடுத்தாள் ஆனான்; அதற்கும் மேல் பொறுப்பேற்றான். ஐந்தொகை (கணக்கை முடித்து வரவு, செலவு, இருப்பைக் காட்டும் பட்டியல்) போடத் தெரியாமல் யாரும் முதலாளி ஆகவில்லை. தென்மாவட்டங்களிலிருந்து கிளம்பிய நாடார் மளிகைக் கடைகளிலும் இதே முறைதான். ஊரிலிருந்து வந்த பையன் பொட்டலம் மடிக்கத் தொடங்கி, கொள்முதல் வரை பழகி, சில ஆண்டுகளுக்குப் பின் வேறொரு பகுதியில் தனிக்கடை போடுவான். பல நேரம் முதல் சரக்கைக் கடனாக இறக்கித் தருபவர் அவனுடைய பழைய முதலாளியாகவே இருப்பார்.

அந்த முறையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். சாதிக்குள்ளும் உறவுக்குள்ளும் மட்டுமே அது சுற்றியது. பெண்களுக்கு அதில் இடமே இருக்கவில்லை. ஆனாலும் கற்கும் வழி என்ற அளவில் அது சரியாகவே இருந்தது. பார்த்துப் பழகுதல், சிறு பொறுப்பு, தவறினால் அன்றைக்கே திருத்தம், தயாரானதும் ஒரு கைதூக்கல்.

பெங்களூர்த் தமிழர்களின் வரலாறு பெரும்பாலும் வேறு பாதையில் போனது. 1809-இல் பிரிட்டிஷார் இங்கே ராணுவக் குடியிருப்பை அமைத்தபின், அதை ஒட்டி அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் பெருகின. வணிகத்தில் உயர்ந்தவர்களும் உண்டு. 1873-இல் பள்ளி தொடங்கிய ஆற்காடு நாராயணசாமி முதலியார் வணிகராகவும் கட்டட ஒப்பந்ததாரராகவும் வளர்ந்தவர்தான். ஆனால் பெரும்பாலோர் படையிலும் ஆலைகளிலும் ரயில்வேயிலும் கூலிக்கோ சம்பளத்துக்கோ வேலை பார்த்தவர்கள். கோலார் தங்கவயல் 2001-இல் மூடப்பட்ட பிறகு, அங்கிருந்து தினமும் ரயிலேறி வேலைக்கு வந்து போகும் ஆயிரக்கணக்கானவர்களும் இதே வரிசையில் சேர்கிறார்கள். கடந்த முப்பது ஆண்டுகளில் ஒயிட்ஃபீல்டுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் வந்து சேர்ந்த மென்பொருள் ஊழியர்களில் பலருடைய பெற்றோர் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், விவசாயிகள்.

இந்தக் குடும்பங்களில் "சொந்தத் தொழில் தொடங்கப் போகிறேன்" என்று ஒருவர் சொன்னதும் எழும் பயத்தைக் கோழைத்தனம் என்று நினைப்பது தவறு. கல்லாவைப் பார்த்து வளராதவர்களுக்கு, நஷ்டம் வந்தால் அது எந்த அளவில் நிற்கும் என்பது தெரியாது. அளவு தெரியாத நஷ்டத்தைப் பார்த்து யாரும் பயப்படத்தான் செய்வார்கள்.

வெற்றிக் கதைகள் விட்டுவிடுவது

1978-இல் பெங்களூரில் ஒரு வாடகை வீட்டின் கார் ஷெட்டில், 10,000 ரூபாய் முதலீட்டில் கிரண் மஜும்தார் ஷா, உயிரித்தொழில்நுட்ப நிறுவனமான பயோகானைத் தொடங்கினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஷெட் நினைவில் நிற்கிறது. அதற்கு முந்தையது நிற்பதில்லை. அவர் ஆஸ்திரேலியாவில் பீர் தயாரிக்கும் தொழில்நுட்பம் படித்தவர். நொதித்தல் அவருக்கு அத்துப்படி. பெண் என்பதால் இந்திய பீர் ஆலைகளில் தகுதிக்கேற்ற வேலை கிடைக்காத நிலையில், அயர்லாந்தின் பயோகான் நிறுவனத்தை நடத்தியவர் இந்தியாவில் கூட்டாகத் தொடங்க அவரை அழைத்தார். முதலில் தயாரித்தது பப்பாளியிலிருந்து எடுக்கும் பப்பெய்ன் நொதி. அதாவது கைவசம் ஒரு திறமை இருந்தது, தயாரிப்பதை வாங்கிக்கொள்ள ஒரு கூட்டாளி இருந்தார். வங்கிகள் கடன் தரத் தயங்கிய போதும் அவர் தாக்குப்பிடித்ததற்கு மனவுறுதியோடு இவையும் காரணம்.

திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதமின் மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானபோது தமிழர்கள் பெருமைப்பட்டார்கள். பட வேண்டியதுதான். 2010-இல் அதைத் தொடங்கும் முன் அவர் ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தில் பல ஆண்டுகள் இதே போன்ற மென்பொருளை உருவாக்கி விற்கும் வேலையில் இருந்தார் என்பதையும் சேர்த்தே சொன்னால், கேட்கும் இளைஞருக்கு அது இன்னும் பயன்படும். அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள், அவற்றைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று கண்டார்கள். அதே துறையில் முன்பே வேலை பார்த்தவர்கள் வெற்றி பெறும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. முப்பத்தெட்டு வயதில் இரண்டு பிள்ளைகளோடு, "இனிமேல் எங்கே" என்று தயங்குபவருக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. இத்தனை வருட வேலை வீணல்ல. அதுதான் அவருடைய பெட்டியடிக் காலம்.

எவ்வளவு போனால் தாங்கும்?

தொழில் நடத்துபவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதை நெருக்கமாகப் பார்த்தவர் சரஸ் சரஸ்வதி. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், பெங்களூர் ஐ.ஐ.எம்.மிலும் தொழில்முனைவுக்கான இருக்கைப் பேராசிரியர் பொறுப்பு வகித்தவர். நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தபோது, அனுபவம் மிக்க 27 தொழிலதிபர்களிடம் ஒரு கற்பனைப் பொருளைக் கொடுத்து, அதை வைத்து எப்படித் தொழில் தொடங்குவீர்கள் என்று கேட்டார். யோசிப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார். அவர்கள் நடத்திய நிறுவனங்கள் 20 கோடி டாலர் முதல் 650 கோடி டாலர் வரை அளவுள்ளவை.

2001-இல் வெளியான அவருடைய கட்டுரை சொன்னது பலருக்கு வியப்பாக இருந்தது. தேர்ந்தவர்கள் இலக்கை முதலில் நிர்ணயித்து, சந்தையை ஆராய்ந்து, திட்டம் தீட்டி இறங்குவதில்லை. நான் யார், எனக்கு என்ன தெரியும், எனக்கு யாரைத் தெரியும் என்ற மூன்று கேள்விகளிலிருந்து தொடங்குகிறார்கள். சமையல் குறிப்பைப் பார்த்துக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவது ஒரு வகை. அடுக்களையில் இருப்பதை வைத்து ஒரு நல்ல குழம்பு வைப்பது இன்னொரு வகை. தேர்ந்தவர்கள் இரண்டாம் வகை என்பது சரஸ்வதியே சொல்லும் உவமை. அடுத்ததாக, எவ்வளவு லாபம் வரும் என்று கணிப்பதைவிட எவ்வளவு போனால் தாங்க முடியும் என்று அவர்கள் பார்க்கிறார்கள். தாங்கக்கூடிய அளவுக்குள் இறங்கிப் பார்க்கிறார்கள். வழியில் சேரும் ஆள்களையும் எதிர்பாராத திருப்பங்களையும் வைத்துத் தொழிலின் உருவத்தையே மாற்றிக்கொள்கிறார்கள்.

இந்த 'தாங்கக்கூடிய நஷ்டம்' என்ற கருத்து, சம்பளக் குடும்பத்தின் பயத்துக்கு நேரடியான மருந்து என்று நினைக்கிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மகாதேவபுராவில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தம்பதி, இட்லி மாவும் பொடி வகைகளும் தயாரித்து அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கொடுக்க நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பு 9 லட்சம். மாதக் குடும்பச் செலவு 70,000 என்றால் ஆறு மாதத்துக்கு 4 லட்சத்து 20 ஆயிரம் தனியே எடுத்துவைக்க வேண்டும். அடுத்த ஆண்டுப் பள்ளிக் கட்டணமும் ஊரிலிருக்கும் பெற்றோரின் மருத்துவச் செலவும் சேர்ந்து 2 லட்சத்து 30 ஆயிரம். மீதி இரண்டரை லட்சம். அந்தத் தொகை முழுவதும் போனாலும் வீட்டில் அடுப்பு எரியும். இனிக் கேள்வி 'தொழில் வெற்றி பெறுமா' என்பதல்ல. 'இரண்டரை லட்சத்துக்குள், ஒருவர் வேலையை விடாமல், எதைச் செய்து பார்க்கலாம்' என்பதே. மாவரைக்க ஒரு நல்ல கிரைண்டர், உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஒரே ஒரு குடியிருப்பில் முப்பது வீடுகள். தனியே எடுத்துவைத்த பணத்தையும் நகையையும் தொடாமல் இருந்தால், மாமனாரிடமும் அம்மாவிடமும் பேசுவதும் எளிதாகிவிடும். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பவர்களுக்கு, இவ்வளவுதான் ஆழம் என்று எண்ணிலேயே காட்டலாம்.

மனம் மாறுமா?

தொழில் மனப்பான்மை பிறவியிலேயே வருவதா, பயிற்சியால் வருமா என்ற கேள்விக்கு உலகின் தொடக்ககால விடைகளுள் ஒன்று ஆந்திரத்தின் காக்கிநாடாவிலிருந்து வந்தது. 1960-களில் உளவியலாளர் டேவிட் மெக்கிளெலண்ட், அவ்வூர்ச் சிறு வணிகர்களுக்கு ஹைதராபாத்தில் சாதனை நாட்டப் பயிற்சி, அதாவது சாதிக்கும் ஆவலை வளர்க்கும் பயிற்சி, கொடுத்துப் பார்த்தார். பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் புதிய முதலீடு செய்தார்கள், கூடுதலாக ஆள்களை வேலைக்கு வைத்தார்கள். அரை நூற்றாண்டுக்குப் பின் மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறு தொழில் நடத்துபவர்களிடம் இன்னும் கறாரான சோதனை நடந்தது. கணக்கு, சந்தைப்படுத்தல் என்று வழக்கமான பயிற்சி பெற்றவர்களின் லாபத்தில் உறுதியாகச் சொல்லும்படி உயர்வில்லை. தானே முந்திச் செயல்படுவது, தடை வந்தால் மாற்று வழி தேடுவது என்ற பழக்கங்களில் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் உயர்ந்தது. 2017-இல் இது வெளியானது. ஆகவே மனம் மாறும்.

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கென்யாவில் நடந்தது. நைரோபியின் டண்டோரா என்ற ஏழ்மையான பகுதியில் புதிதாகத் தொழில் தொடங்கிய பெண்களில் ஒரு பிரிவினருக்கு வகுப்பு நடத்தினார்கள். இன்னொரு பிரிவினருக்கு, அதே பகுதியில் அதே போன்ற தொழிலை நன்றாக நடத்திவரும் ஒரு பெண்ணை வழிகாட்டியாகச் சேர்த்துவிட்டார்கள். வகுப்புக்குப் போனவர்களின் லாபத்தில் மாற்றமில்லை. வழிகாட்டி கிடைத்தவர்களின் லாபம் சராசரியாக 20 சதவீதம் கூடியது. பெரிய தத்துவம் எதுவும் அவர்கள் கற்றுக்கொள்ளவில்லை. எந்த மொத்த வியாபாரியிடம் சரக்கு மலிவு என்று தெரிந்துகொண்டு ஆளை மாற்றினார்கள், செலவு குறைந்தது. இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுத முடியாது, ஏனென்றால் அந்தத் தெருவுக்கு மட்டுமே பொருந்தும் அறிவு அது. இன்னொன்றும் தெரியவந்தது: வழிகாட்டியோடு சந்திப்பு நின்றபின் அந்தப் பலனும் தேய்ந்துபோனது.

அகமதாபாத்தில், சுயதொழில் செய்யும் பெண்களுக்கான சேவா வங்கி, பெண்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தபோது, பாதிப் பேரைத் தோழி ஒருவரை அழைத்துவரச் சொன்னார்கள். தோழியோடு வந்தவர்கள் பிறகு கூடுதலாகக் கடன் வாங்கி அதைத் தொழிலில் போட்டார்கள், குடும்ப வருமானமும் கூடியது. தனியே வந்தவர்களிடம் அப்படி மாற்றம் தெரியவில்லை. பாடம் ஒன்றுதான், பயிற்றுநர் ஒருவர்தான். பக்கத்தில் ஒரு தோழி இருந்தாள் என்பது மட்டுமே வேறுபாடு. நம் பெண்கள் பலருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

சிறு தொழிலுக்குத்தான் இது, ஸ்டார்ட்அப்புக்குப் பொருந்தாது என்றும் சொல்ல முடியாது. இந்தியாவின் 100 தொழில்நுட்ப நிறுவனங்களின் நிறுவனர்களை ஒருவரோடு ஒருவர் பேசவைத்து நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. முறையாகக் கூட்டம் நடத்துவது, இலக்கு வைப்பது, ஊழியரிடம் குறைநிறையைச் சொல்வது என்று ஒழுங்காக ஆள்களை நடத்தும் சக நிறுவனரிடம் ஆலோசனை பெற்றவர்கள், மற்றவர்களைவிட இரண்டு ஆண்டுகளில் 28 சதவீதம் பெரிதாக வளர்ந்திருந்தார்கள். யாரிடம் கேட்கிறோம் என்பது அவ்வளவு தூரம் விளைவை மாற்றுகிறது.

பெங்களூரில் எங்கே போவது

இணையத்தில் பேருந்து டிக்கெட் விற்கும் ரெட்பஸ் நிறுவனத்தின் கதை இங்கே பொருத்தம். தீபாவளிக்கு ஊருக்குப் பேருந்து கிடைக்காமல் தவித்த அனுபவம் பெங்களூர்த் தமிழர் யாருக்கும் புதிதல்ல. 2005 தீபாவளிக்கு ஹைதராபாத் போக முடியாமல் போன பணீந்திர சாமா, நண்பர்களோடு சேர்ந்து 2006-இல் அதையே தொழிலாக்கினார். பேருந்து நிறுவனங்களுக்கு மென்பொருள் கொடுப்பதுதான் முதல் எண்ணம். அவர்கள் ஆர்வம் காட்டாததால், டிக்கெட்டைத் தாங்களே விற்கும் வழிக்கு மாறினார்கள். அந்தப் பொறியாளர்களுக்குத் தொழில் அனுபவம் கிடையாது. தொழில்முனைவோரை இணைக்கும் 'டை' அமைப்பின் பெங்களூர்க் கிளை அவர்களைத் தன் வழிகாட்டல் திட்டத்தில் சேர்த்துக்கொண்டு, அனுபவசாலிகளைப் பக்கத்தில் நிறுத்தியது. 2013-இல் ரெட்பஸ் கைமாறியபோது இந்திய இணையத் தொழிலின் பெரிய விற்பனைகளுள் ஒன்றாக அது பேசப்பட்டது.

பன்னேர்கட்டா சாலையில் ஐ.ஐ.எம். வளாகத்தில் உள்ள, புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்குக் கைகொடுக்கும் என்.எஸ்.ஆர்.செல் மையம், இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான என்.எஸ். ராகவன் பெயரால் இயங்குகிறது. அங்கே சேர ஐ.ஐ.எம்.மில் படித்திருக்க வேண்டியதில்லை. பெண்களுக்குத் தனித் திட்டங்களும் நடத்தியிருக்கிறார்கள். 1983-இல் தொடங்கிய 'அவேக்', கர்நாடகப் பெண் தொழில்முனைவோரின் சங்கம். தொழில் நடத்தும் பெண்களே புதிதாக வரும் பெண்களுக்கு ஆலோசனை சொல்வதற்காக அமைந்தது. கென்யா ஆய்வு வருவதற்கு வெகு முன்பே அதே வழியில் போனவர்கள். பட்டறை, உதிரிபாகம் என்று உற்பத்தித் தொழிலில் இறங்குபவர் பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் போய்ப் பழக வேண்டும். 1949 முதல் இயங்கும் சிறுதொழிற் சங்கமான காசியாவில் உறுப்பினராகலாம்.

அதிகம் படிக்காதவர்களுக்கும் கைத்தொழில் கற்க நினைப்பவர்களுக்கும் நான் முதலில் சொல்வது ருட்செட்டி. 1982-இல் தர்மஸ்தலா மஞ்சுநாதேஸ்வரா கல்வி அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து, தர்மஸ்தலா அருகிலுள்ள உஜிரேயில் தொடங்கிய பயிற்சி நிலையம் அது. நெலமங்களா அருகிலும் ஒரு கிளை உண்டு. பயிற்சியும் தங்குமிடமும் இலவசம். அதைவிடப் பெரிய விஷயம், பயிற்சி முடிந்தபின் இரண்டு ஆண்டுகள் தொடர்பில் இருந்து, கடன் கிடைத்ததா, தொழில் நடக்கிறதா என்று பின்தொடர்கிறார்கள். இதே மாதிரியை வைத்துத்தான் பிறகு நாடு முழுவதும் மாவட்டந்தோறும் வங்கிகள் இத்தகைய நிலையங்களைத் தொடங்கின.

இந்த இடங்களிலெல்லாம் பேச்சு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கும். தமிழிலேயே சமாளித்துவிடலாம் என்று இருப்பவர்கள் நல்ல வழிகாட்டிகளில் முக்கால்வாசிப் பேரை இழக்கிறார்கள். கன்னடம் பேசக் கற்றுக்கொள்வது இந்த ஊருக்குச் செய்யும் மரியாதை. கொள்முதல் மண்டியிலும் மாநகராட்சி அலுவலகத்திலும் அதுவே தொழிலுக்கும் துணை.

ஒரு எச்சரிக்கையும் தேவை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டல் அரங்குகளில் 'தொழில்முனைவோர் மனப்பான்மை' என்ற பெயரில் நடக்கும் கூட்டங்களில் சில, கடைசியில் செயின் மார்க்கெட்டிங்கிலோ பல்லாயிரம் ரூபாய் வகுப்பிலோ போய் முடிகின்றன. உறவினரும் நண்பருமே அழைப்பதால் மறுக்கவும் கூச்சமாக இருக்கும். மேடையில் இருப்பவர் எதை விற்றுச் சம்பாதிக்கிறார் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்த வகுப்பை விற்பதைத் தவிர வேறு தொழில் இல்லாதவரிடம் தொழில் கற்க ஒன்றுமில்லை.

நல்ல வழிகாட்டியை அணுகுவதற்கும் ஒரு முறை உண்டு. "எனக்கு மென்டாராக இருங்கள்" என்று கேட்டால் யாரும் பின்வாங்குவார்கள். நம்மைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னே போயிருக்கும் ஒருவரிடம், மூன்று மாத வரவுசெலவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், குறிப்பாக ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: பேக்கிங் செலவு விலையில் 18 சதவீதம் ஆகிறது, நீங்கள் எப்படிக் குறைத்தீர்கள், அண்ணா? சொன்னதைச் செய்துபார்த்து, பலித்ததோ இல்லையோ, அடுத்த மாதம் திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் இந்த இரண்டாவது முறை போவதில்லை. போகிறவர்களுக்கு மூன்றாவது சந்திப்பில் அவரே தன் சப்ளையரின் எண்ணைக் கொடுப்பார்.

அதோடு, நான்கைந்து சக தொழில்காரர்கள் மாதம் ஒருமுறை கூடுவது நல்லது. அல்சூர்ப் பக்கம் ஒரு காபிக் கடையோ யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியோ போதும். ஒவ்வொருவரும் அந்த மாத விற்பனை, வரவேண்டிய பாக்கி, கையிருப்பு என்ற மூன்று எண்களைச் சொல்ல வேண்டும். பாக்கி ஏறிக்கொண்டே போகிறவரை மற்றவர்கள் அங்கேயே பிடித்துக் கேட்பார்கள். விற்பனை 40 லட்சத்தை நெருங்குபவருக்கு யாராவது ஆடிட்டர் எண்ணைத் தருவார்கள். மனைவியையோ கணவரையோ ஒருமுறை அழைத்துப் போகலாம். வீட்டில் இருப்பவர்கள் அந்த எண்களை நேரில் கேட்ட பிறகு, இரண்டரை லட்சத்தைப் பற்றிய பேச்சு வேறு தொனியில் நடக்கும்.